சிங்கப்பூரில் வீட்டை வாடகைக்கு விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களிடம் வாடகைக்கு விடும் வீடு ஒன்றே ஒன்றுதான். ஈசூனில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. உரிமையாளரே குடியிருந்தாக வேண்டிய குறைந்தபட்ச வசிப்புக் காலத்தை அங்கே முடித்துவிட்டு, 2012இல் செங்காங்கில் ஒரு கொண்டோமினியம் (தனியார் அடுக்குமாடி) வீடு வாங்கிக் குடிபோனோம். பழைய வீட்டை விற்கவில்லை. அன்றிலிருந்து கல்யாண வீடு, கோயில், தேக்கா சந்தை என்று எங்கே போனாலும் யாராவது என்னை ஓரமாக அழைத்துச் சென்று, வாடகை எவ்வளவு வருகிறது என்று கேட்காமல் விடுவதில்லை. கையில் நிற்பது எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பக்கம் அதைப் பற்றியது. தீர்வை, வரி விகிதங்களை அரசாங்கம் அவ்வப்போது மாற்றும். கையெழுத்துப் போடும் நாளில் வீவக, உள்நாட்டு வருவாய் ஆணையம் இரண்டின் இணையத்தளங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாடகைக்கு விடுவதற்கென்றே இரண்டாவது வீடு வாங்கலாமா?

சம்பளத்தில் வாழும் குடும்பம் என்றால் வேண்டாம் என்பேன். ஏன் என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன், குடியிருக்கும் வீட்டுக்குக் கடன் இன்னும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.2 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு சிறிய கொண்டோமினியம் வீடு பார்க்கிறீர்கள். எல்லாரும் கட்டும் முத்திரைத் தீர்வை 32,600 வெள்ளி. அதற்கு மேல், குடிமகன் வாங்கும் இரண்டாவது வீடு என்பதால் 20 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை. அதாவது 240,000 வெள்ளி. இரண்டாவது வீட்டுக் கடனாக விலையில் 45 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தராது. ஆகவே கடன் 540,000 போக மீதி 660,000 உங்களுடையது. அதில் விலையின் கால் பங்கு, 300,000 வெள்ளி, ரொக்கமாகவே இருக்க வேண்டும். மசேநி (மத்திய சேம நிதி) பணம் அந்தப் பங்குக்கு ஆகாது. தீர்வைகளையும் சேர்த்தால் சாவி கைக்கு வருமுன் நீங்கள் போட்ட முதல் 932,600 வெள்ளி.

இப்போது வரவு. மாத வாடகை 3,800 என்று கொள்ளுங்கள். ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று கறாராகப் போட்டால் 41,800. பராமரிப்புக் கட்டணம் மாதம் 350 வீதம் 4,200. வீட்டின் ஆண்டு மதிப்பு (ஓராண்டுக்கு வாடகையாக வரக்கூடியது என்று வரிக்காக மதிப்பிடப்படும் தொகை) 40,000 என்றால் சொத்து வரி 5,600. முகவர் தரகு சராசரியாக 1,900. பழுதுபார்ப்பு 1,500. எல்லாம் போக நிற்பது 28,600. கடனுக்கு 3 விழுக்காடு வட்டி என்றால் முதலாண்டில் ஏறத்தாழ 16,200 வெள்ளி அதற்கே போய்விடும். கையில் நிற்பது 12,400. அதற்கும் வருமான வரி உண்டு.

932,600 வெள்ளி முதலுக்கு 12,400 என்பது ஒன்றேகால் விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. ஒன்றும் செய்யாமல் மசேநி சாதாரணக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கே 2.5 விழுக்காடு கிடைக்கிறது. அந்தக் கணக்கு நள்ளிரவில் கூப்பிட்டு, கழிப்பறை அடைத்துக்கொண்டது என்று சொல்வதில்லை.

கூடுதல் தீர்வையை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த 240,000 வெள்ளியை, வட்டிக்கு முந்திய நிகர வாடகையில் மீட்கவே எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். “விலை ஏறுமே” என்பார்கள். ஏறலாம். ஆனால் அப்போது நீங்கள் நம்பியிருப்பது விலையேற்றத்தை; வாடகையை அல்ல. அந்தத் தெளிவோடு வாங்குகிறவரை நான் தடுப்பதில்லை.

அப்படியென்றால் நீங்கள் மட்டும் எப்படி இரண்டு வீடு வைத்திருக்கிறீர்கள்?

தேதிதான் காரணம். கூடுதல் முத்திரைத் தீர்வை 2011 டிசம்பரில் வந்தது. அப்போது குடிமக்களுக்கு அது மூன்றாவது வீட்டிலிருந்துதான். இரண்டாவது வீட்டுக்கு 7 விழுக்காடு என்று ஆனது 2013 ஜனவரியில். பிறகு 2018இல் 12, 2021 டிசம்பரில் 17, 2023 ஏப்ரலில் 20. நாங்கள் 2012இல் வாங்கியதால் தப்பினோம். அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. என்னைப் பார்த்து இன்று அதே வேலையைச் செய்ய நினைப்பவர் அந்தக் கணக்கை இன்றைய விகிதத்தில் போட வேண்டும்.

மனைவி பெயரில் வாங்கினால் கூடுதல் தீர்வை இல்லையாமே?

வீவக வீடு கணவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்து, மனைவி அதில் உடன் வசிப்பவராக மட்டும் பதிவாகியிருந்தால், குறைந்தபட்ச வசிப்புக் காலம் முடிந்தபின் மனைவி தம் பெயரில் தனியார் வீடு வாங்கலாம். அவருக்கு அது முதல் வீடு. ஆனால் கடனும் மசேநியும் அவருடைய வருமானத்திலிருந்தே வர வேண்டும். மொத்தக் கடன் தவணைகள் மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு அவர் சம்பளத்தை மட்டும் வைத்தே பார்க்கப்படும்.

இருவர் பெயரிலும் இருக்கும் வீவக வீட்டில், தீர்வையைத் தவிர்ப்பதற்காக ஒருவர் பெயரை எடுத்துவிடும் வழி 2016இலேயே அடைபட்டுவிட்டது. மணவிலக்கு போன்ற சில சூழல்களில் மட்டுமே அனுமதி. தனியார் வீட்டில் தீர்வையைக் குறைப்பதற்காக 99க்கு 1 என்று பங்கு பிரித்து வாங்கியவர்களை உள்நாட்டு வருவாய் ஆணையம் தேடிப் பிடித்து, தீர்வையோடு அபராதமும் வாங்கியது. வழக்கறிஞர் சொன்னார், முகவர் சொன்னார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட யாருக்கு உரிமை?

குடிமக்களுக்கு மட்டும். அதுவும் குறைந்தபட்ச வசிப்புக் காலம் முடிந்தபின். பெரும்பாலான வீடுகளுக்கு அது ஐந்து ஆண்டு. 2024 அக்டோபரிலிருந்து விற்பனைக்கு வந்த புதிய வகைப்பாட்டில் ‘பிளஸ்’, ‘பிரைம்’ வீடுகளுக்கு அது பத்து ஆண்டு. பத்து ஆண்டு முடிந்தாலும் அவற்றை முழுதாக வாடகைக்கு விட முடியாது, அறைகளை மட்டுமே விடலாம். நல்ல இடத்தில் பிடிஓ வீடு (பதிவு செய்தபின் வீவக கட்டித் தரும் புதிய வீடு) கிடைத்த பூரிப்பில் இதைக் கவனிக்காமல் விட்ட இளம் தம்பதிகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அனுமதியை வாடகைதாரர் குடிவருமுன் வீவகவிடம் வாங்க வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது ஆறு மாதத்துக்காவது விட வேண்டும். வாடகைக்கு எடுப்பவர் சிங்கப்பூர்க் குடிமகனோ மலேசியரோ அல்லர் என்றால் இன்னொன்றும் உண்டு: அவர்களுக்கான ஒதுக்கீடு வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. உங்கள் புளோக்கில் அது நிரம்பியிருந்தால், திருச்சியிலிருந்து வந்த நல்ல குடும்பம் முன்வைப்புத் தொகையோடு வாசலில் நின்றாலும் முழு வீட்டைக் கொடுக்க முடியாது. விளம்பரம் செய்யுமுன் வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

நான் நிரந்தரவாசி. எனக்கு என்ன வழி?

உங்கள் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட முடியாது. நீங்கள் அங்கே குடியிருந்துகொண்டு அறைகளை விடலாம். தனியார் வீடு வாங்கினால் முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் தீர்வை, இரண்டாவதற்கு 30 விழுக்காடு. அத்துடன், வாங்கிய ஆறு மாதத்துக்குள் வீவக வீட்டை விற்றுவிட வேண்டும். ஆக, என்னைப் போல் பழைய வீட்டை வைத்துக்கொண்டு புதிய வீட்டுக்குப் போகும் வழி உங்களுக்கு இல்லை.

வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு எந்தத் தனியார் வீட்டுக்கும் 60 விழுக்காடு. தடையற்ற வணிக உடன்பாடுகளின்படி அமெரிக்கர், சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் நாட்டவர் குடிமக்களைப் போல் நடத்தப்படுகிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டால் ‘அறை வாடகை’தானே?

இல்லை. அறைகளை மட்டும் விடுவதென்றால் உரிமையாளர் அந்த வீட்டில் உண்மையாகவே வசிக்க வேண்டும். பூட்டிய அறையில் ஒரு சூட்கேசும் சாமி படமும் வசிப்பது கணக்கில் வராது. வீவக அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் கழகத்துக்கு உண்டு. கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து இன்னோர் அறையாக்குவதும் கூடாது.

எத்தனை பேர் தங்கலாம்? சில நாள்களுக்கு மட்டும் விடலாமா?

மூன்றறை, அதற்குப் பெரிய வீவக வீடுகளில் வழக்கமான உச்சவரம்பு ஆறு பேர். நான்கறையும் அதற்குப் பெரியதுமான வீவக வீடுகளிலும், 90 சதுர மீட்டருக்குக் குறையாத தனியார் வீடுகளிலும் உறவினர் அல்லாத எட்டுப் பேர் வரை தங்க 2024 ஜனவரியிலிருந்து தற்காலிகமாக அனுமதி உள்ளது. எட்டுப் பேருக்கு ஒரே கழிப்பறை என்றால் குழாய்க்காரருக்குத்தான் கொண்டாட்டம். நான் நான்கு பேருக்கு மேல் விட்டதில்லை.

சுற்றுப்பயணிகளுக்கு நாள் கணக்கில் விடுவது சட்டவிரோதம். தனியார் வீட்டுக்குக் குறைந்தது தொடர்ச்சியாக மூன்று மாதம், வீவக வீட்டுக்கு ஆறு மாதம்.

தெரிந்தவருக்குத்தான் கொடுக்கிறேன். ஒப்பந்தம் எழுத வேண்டுமா?

தெரிந்தவருக்குத்தான் கட்டாயம் எழுத வேண்டும். எங்கள் முதல் வாடகைதாரர் மனைவியின் உறவினருக்கு நண்பர். ஊர்ப் பக்கத்துக்காரர், கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறுபவர். வீவகவிடம் அனுமதி வாங்கியதோடு சரி, ஒப்பந்தம் என்று எதையும் எழுதவில்லை. முன்வைப்புத் தொகை கேட்க எனக்குக் கூச்சம். வாடகையை மாதம்தோறும் உறையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். நானும் எண்ணாமல் வாங்கி வைப்பேன். மின்சாரம், தண்ணீர்க் கணக்கு என் பெயரிலேயே இருந்தது.

பதினோராவது மாதம் உறை வரவில்லை. “அண்ணே, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்” என்றார். மூன்று மாதம் அப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவிகள் எங்கள் வீட்டு அஞ்சல் பெட்டியில் கிடந்தன. மூன்று மாத வாடகை போனதோடு, இரண்டு மாத மின்கட்டணத்தையும் நானே கட்டினேன். அந்த உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் அவரைப் பார்த்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நான்தான். வெட்கம் எப்படியோ என் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு 14 நாள்களுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தம் என்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 72,000. தீர்வை 288 வெள்ளி. வழக்கமாக வாடகைதாரர் கட்டுவார். தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. கட்டிய சான்றிதழைத் தரச்சொல்லி வாங்கி ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைதாரரின் ஆவணங்களைப் பார்ப்பது முகவரின் வேலைதானே?

பொறுப்பு உங்களுடையது. மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்: வேலை அனுமதி அட்டையின் அசலைப் பார்ப்பது, அதிலுள்ள விவரங்களைக் கடவுச்சீட்டோடு ஒப்பிடுவது, அட்டை செல்லுபடியாகிறதா என்று மனிதவள அமைச்சு அல்லது குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்ப்பது. கைப்பேசியில் அனுப்பிய படம் போதாது. சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவருக்கு இடம் கொடுத்த குற்றத்துக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. நண்பர் மூலம் வந்தார் என்பதோ, முகத்தைப் பார்த்தால் நல்லவராகத் தெரிந்தார் என்பதோ அங்கே பதிலாகாது.

சமையல் வாசனைக்குப் பயந்து இந்தியர்களுக்கு வீடு தருவதில்லை என்கிறார்களே. நாமும் அப்படிச் செய்யலாமா?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த தமிழர் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்து, பெயரைச் சொன்னதும் “வீடு போய்விட்டது” என்ற பதில் வரும். பத்து நிமிடம் கழித்து வேறொருவர் கூப்பிட்டால் வீடு திரும்பி வந்திருக்கும்.

இதில் எனக்கு வருத்தம் தருவது, நம்மில் வீடு வைத்திருப்பவர்கள் சிலரே, “நம்மவர் வேண்டாம், அடுப்பு ஓயாது” என்று முகவரிடம் சொல்வது. தாளிப்பு எண்ணெய் சுவரில் படியும் என்பது உண்மைதான். அதற்கு மருந்து ஒப்பந்தத்தில் இருக்கிறது: புகை உறிஞ்சியைச் சுத்தம் செய்வதும், காலி செய்யும்போது சமையலறையைத் தொழில்முறையாகக் கழுவித் தருவதும் வாடகைதாரர் பொறுப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும். புகை உறிஞ்சி நல்லதாக மாட்ட வேண்டியது உங்கள் வேலை. எங்கள் வீட்டில் மிக மோசமான சமையலறையை விட்டுச் சென்றவர் தமிழரே அல்லர். தினமும் மீன் பொரித்தவர்.

ஒப்பந்தத்தில் எந்த வரிகளைக் கூர்ந்து படிக்க வேண்டும்?

முன்வைப்புத் தொகை: ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாத வாடகை என்பது வழக்கம். வழக்கம்தான், சட்டம் அல்ல.

வேலை போனாலோ நாட்டை விட்டுப் போக நேர்ந்தாலோ வாடகைதாரர் இடையில் விலகிக்கொள்ளும் விதி. முகவர்கள் இதை ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்பார்கள். ஈராண்டு ஒப்பந்தத்தில் 12 மாதம் முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்போடு விலகலாம் என்று எழுதுவது வழக்கம். ஆக, ஈராண்டு ஒப்பந்தம் கையில் இருந்தாலும் உங்களுக்கு உறுதியான வாடகை 14 மாதம்தான். கடன் தவணையை 24 மாத வாடகையை நம்பித் திட்டமிடாதீர்கள்.

சிறு பழுது விதி: ஒவ்வொரு பழுதிலும் முதல் 150 அல்லது 200 வெள்ளியை வாடகைதாரர் ஏற்பார், மீதி உங்களுடையது. ஏர்கான் சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் செலவில், ரசீதோடு. குடிவந்த முதல் 30 நாளில் தெரியவரும் கோளாறுகள் முழுதும் உங்கள் செலவு.

மற்ற பக்கங்களைச் சொத்து முகவர் மன்றம் வெளியிட்டிருக்கும் மாதிரி ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரு தரப்புக்கும் ஓரளவு நியாயமாக எழுதப்பட்டது அது.

முகவர் தேவையா?

முதல் தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை உங்களுக்கே தெரிந்துவிடும். அவர் பதிவு பெற்றவரா என்று மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் பாருங்கள். ஒரே முகவர் ஒரே பேரத்தில் உங்களுக்கும் வாடகைதாரருக்கும் சேர்த்துச் செயல்படக்கூடாது. வீவக வீட்டு வாடகைப் பணமோ முன்வைப்புத் தொகையோ அவர் கை வழியாக வரக்கூடாது; நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். தரகு விகிதம் சட்டத்தில் இல்லை, பேசிக்கொள்வதுதான்.

காலி செய்யும் நாளில் எதைப் பார்த்து முன்வைப்புத் தொகையில் பிடிப்பது?

நியாயமான தேய்மானத்துக்குப் பிடிக்கக்கூடாது. சுவரின் நிறம் மங்குவது, கதவுக் கைப்பிடி தளர்வது, திரைச்சீலை வெளுப்பது எல்லாம் வாடகை வாங்கியதற்கான விலை. உடைந்த கழுவுதொட்டியும் சுவரில் பதினைந்து ஆணித்துளைகளும் வேறு.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு வாடகைதாரர். இரண்டு ஆண்டு இருந்துவிட்டு 2019இல் காலி செய்தார். கட்டிலை நகர்த்தியதும் படுக்கையறைச் சுவர் ஓரத்தில் மரத்தரை ஒரு முழ நீளத்துக்குக் கறுத்து, இரண்டு பலகைகள் உப்பி எழும்பியிருந்தன. மேலே ஏர்கான். சர்வீஸ் செய்யாமல் சொட்டவிட்டிருக்கிறார் என்று முடிவு கட்டி, 900 வெள்ளி பிடிக்கப் போகிறேன் என்றேன். அவர் சண்டை போடவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து திறந்தார். ஏர்கான் சர்வீஸ் ரசீதுகள் எட்டும் தேதி வரிசையில் இருந்தன. ஆறாவது ரசீதின் அடியில் சர்வீஸ் செய்தவர் கையால் எழுதியிருந்தார்: “வடிகுழாய் பழசு, உரிமையாளரிடம் சொல்லவும்.” அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தியையும் கைப்பேசியில் காட்டினார். நான் அன்று “பார்க்கிறேன்” என்று பதில் போட்டிருந்தேன். பார்க்கவில்லை.

பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். தொலைந்துபோன அஞ்சல் பெட்டிச் சாவிக்கு 12 வெள்ளி கொடுத்தே தீருவேன் என்று அவர்தான் நின்றார்.

அதிலிருந்து, குடிவரும் நாளில் இருவருமாக ஒவ்வோர் அறையையும் சுற்றிக் காணொளி எடுத்துக்கொள்கிறோம். கட்டில் அடி, கழுவுதொட்டியின் கீழ்ப்பக்கம், ஏர்கான் தட்டு, ஜன்னல் தாழ்ப்பாள். எத்தனை சாவி, மின், தண்ணீர் மீட்டரில் என்ன எண் என்பதையும் குறித்து இருவரும் கையெழுத்திடுகிறோம்.

வரி எவ்வளவு?

இரண்டு வரிகள். முதலாவது சொத்து வரி. குடியிருக்கும் வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் விகிதம் வேறு. ஆண்டு மதிப்பு 30,000 வெள்ளி உள்ள வீட்டில் நீங்களே குடியிருந்தால் இப்போதைய விகிதப்படி 720 வெள்ளி. அதையே வாடகைக்கு விட்டால் 12 விழுக்காடு, 3,600 வெள்ளி. 30,000க்கு மேற்பட்ட பகுதிக்கு 20, 28, 36 என்று படிப்படியாக ஏறும். வாடகைதாரர் இல்லாமல் வீடு காலியாகக் கிடந்தாலும் கட்ட வேண்டும். கெடு ஜனவரி 31.

இரண்டாவது, வருமான வரி. நிகர வாடகையை உங்கள் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். செலவைக் காட்ட இரண்டு வழி. ரசீது எதுவும் இல்லாமல் வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் கடன் வட்டியையும் கழிக்கலாம். அல்லது உண்மையான செலவுகளைக் காட்டலாம்: வட்டி, சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், பழுதுபார்ப்பு, காப்புறுதி. ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடனின் அசலைக் கழிக்க முடியாது. முதல் வாடகைதாரரைப் பிடித்துத் தந்ததற்கான தரகையும் கழிக்க முடியாது, அடுத்தடுத்தவர்களுக்கானதைக் கழிக்கலாம்.

எது லாபம்? மேலே போட்ட கொண்டோமினியம் கணக்கில் 15 விழுக்காடு என்பது 6,270 வெள்ளி, உண்மைச் செலவோ 13,200. அங்கே ரசீதுகள் சோறு போடும். பராமரிப்புக் கட்டணம் குறைவான வீவக வீட்டுக்குப் பல ஆண்டுகளில் 15 விழுக்காடே எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. இருவர் பெயரில் உள்ள வீடு என்றால் சட்டப்படியான பங்கின்படி இருவரும் காட்ட வேண்டும். சம்பளம் குறைந்தவர் தலையில் முழுவதையும் கட்ட முடியாது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எவ்வளவு ஏற்றலாம்?

உச்சவரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. தனியார் வீட்டு வாடகைகள் 2022இல் மட்டும் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தன. அப்போது எங்கள் புளோக்கிலேயே ஒருவர் 2,200 வாங்கிய வீட்டுக்கு 3,400 கேட்டார். பழைய குடும்பம் போனது, புதியவர்கள் வந்தார்கள், ஓராண்டில் போனார்கள். 2024இல் தனியார் வீட்டு வாடகைகள் லேசாக இறங்கிய நேரத்தில் அந்த வீடு இரண்டரை மாதம் விளக்கில்லாமல் கிடந்தது.

சந்தை விலைக்கு நூறு, இருநூறு குறைவாகக் கேட்டு நல்ல வாடகைதாரரை வைத்துக்கொள்வதே என் வழக்கம். மாதம் 150 குறைத்தால் ஆண்டுக்கு 1,800. ஒரு மாதம் காலியாக இருந்தாலே 3,000 போகும். சாயம் பூசுவதும் தரகும் தனி.

வாடகை கட்டவில்லை என்றால்?

முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள். என்னைப் போல் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரை. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, நீங்களே பேச வேண்டும். ஒப்பந்தம், தீர்வைச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், குறுஞ்செய்திகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் கொண்டுபோங்கள்.

இந்தத் தீர்வைக்கெல்லாம் பதிலாக ஊரில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால்?

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ வாங்கும் விலை சிறியதாகத் தோன்றும். வெளிநாட்டில் வாழும் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர், இந்தியச் சட்டப்படி வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். அங்குள்ள வாடகைதாரர்களில் இதைக் கேள்விப்பட்டவர்களே அபூர்வம். குழாய் ஒழுகினால் பார்ப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். “மச்சான் பார்த்துக்கொள்வார்” என்று தொடங்கிய வீடுகளில், இப்போது மச்சானே குடியிருக்கிறார்.

விற்க நினைத்தால் எதைக் கவனிப்பது?

2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்போர் முத்திரைத் தீர்வை உண்டு: முதலாண்டில் 16 விழுக்காடு, பிறகு 12, 8, 4. வாங்குவதற்கு மசேநியிலிருந்து எடுத்த தொகையை, அது அங்கேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டியோடு, உங்கள் மசேநிக் கணக்குக்கே திருப்ப வேண்டும். உங்கள் பணம்தான், ஆனாலும் விற்றவர் கையில் ரொக்கமாக நிற்கும் தொகை அவர் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்துவிடும். நடப்பு வாடகைதாரரோடு விற்பதா, காலி செய்தபின் விற்பதா என்பதை ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசி மாத வாடகையை முன்வைப்புத் தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்தத் தொகை வீட்டைப் பார்த்தபின் கணக்குத் தீர்ப்பதற்கு. மறுத்துவிட்டு, வீட்டை ஒப்படைத்த எத்தனை நாளில் பணம் வரும் என்பதை அவரிடம் தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தங்களில் 14 நாள் என்று இருக்கும். நான் சாவி வாங்கும்போதே அவர் எதிரில் நின்று வங்கிச் செயலியில் அனுப்பிவிடுவேன். மின்கட்டணம் அவர் பெயரில் இருந்தால் பிடித்துவைக்கக் காரணம் ஒன்றும் இருக்காது.